விலை கொடுத்த பூங்கா கைக்கு வந்ததா?
புதிய மனைப்பிரிவுகளும் வணிகர் கடமையும்

ஓர் ஊர் எந்தத் திசையில் வளர்கிறது என்பதை நகராட்சி அலுவலகத்திற்கு முன்பாகவே மொத்த வியாபாரியின் பேரேடு சொல்லிவிடும். பேரேட்டில் புதிதாக ஒரு பெயர் ஏறும். அதன் பக்கத்தில் இதுவரை கேள்விப்படாத ஒரு நகரின் பெயர் இருக்கும். முதலில் வாரத்திற்கு இரண்டு மூட்டை அரிசி, ஒரு டின் எண்ணெய், பத்துக் கிலோ பருப்பு என்று சரக்கு போகும். ஆறு மாதத்தில் அது இரட்டிப்பாகும். மறு வருடம் அதே தெருவில் இரண்டாவது மளிகைக் கடை வந்துவிடும். அப்போதும் அந்த நகருக்குத் தார் ரோடு வந்திருக்காது, தெருவிளக்கு முழுமையாக எரிந்திருக்காது. ஆனால் குடும்பங்கள் வந்திருக்கும், குழந்தைகள் வந்திருப்பார்கள்.

மொத்த மளிகை வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவரும் நாம் இதைப் பலமுறை கண்டிருக்கிறோம். ரோடு வருகிறது, தண்ணீர்க் குழாய் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது. தாமதமானாலும் இவை வந்துவிடுகின்றன. வராமலே போவது ஒன்று உண்டு. அதுதான் பூங்கா. குழாயைப் பிறகு பதிக்கலாம், மின்கம்பத்தைப் பிறகு நடலாம். வீடுகள் நெருக்கமாக எழும்பிய பின் பூங்காவுக்கு இடம் தேடினால் யாருடைய வீட்டை இடிப்பது? மனை விற்பனை தொடங்கும் நாளிலேயே பூங்காவின் இடம் உறுதியாக வேண்டும். அன்று தவறினால் என்றும் தவறியதுதான்.

வணிகர் இதழில் பூங்காவைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். விலை கொடுத்து வாங்கிய சரக்கு வந்து சேரவில்லை என்றால் அதைக் கேட்பது வணிகரின் வேலைதானே? பூங்கா விஷயமும் அப்படிப்பட்டதே.

பூங்காவுக்கு விலை கொடுத்தவர் யார்?

பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்த நமக்குச் சதுர மீட்டர் கணக்கைவிட சென்ட் கணக்கே எளிது. ஆகவே சட்டம் சொல்வதை நம் கணக்கிலேயே பார்ப்போம்.

தமிழ்நாட்டில் மனைப்பிரிவு அமைப்பதற்கான விதிகள் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் உள்ளன. நிலத்தின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 74 சென்டுக்குள் இருந்தால் பூங்காவுக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட் வரை இருந்தால், ரோடு போக மீதியில் 10 சதவீதம் இடம் விட வேண்டும். அல்லது அந்த இடத்திற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். அதற்கு மேற்பட்ட நிலமாக இருந்தால் பணம் கட்டித் தப்பிக்க வழியில்லை. ரோடு போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்திற்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் பதிவு செய்து கொடுத்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து எழுந்த ஒரு வழக்கில் இந்தப் பத்து சதவீத விதியே செல்லாது என்று வாதாடப்பட்டது. அது செல்லும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே இதில் இனி ஐயத்திற்கு இடமில்லை.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புரமோட்டர் 10 ஏக்கர் நிலத்தை மனைப்பிரிவாக்குகிறார். ரோடுகளுக்கு 3 ஏக்கர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி 7 ஏக்கரில் பத்தில் ஒரு பங்கு, 70 சென்ட், பூங்காவுக்கு. எஞ்சிய 6 ஏக்கர் 30 சென்டில் அரை கிரவுண்டு வீதம், அதாவது 1,200 சதுர அடி வீதம் பிரித்தால் சுமார் 228 மனைகள் கிடைக்கும்.

70 சென்ட் என்பது சுமார் 30,500 சதுர அடி. அந்த நிலத்தைப் புரமோட்டர் தம் கையிலிருந்து கொடுக்கிறாரா? எந்த வியாபாரியும் அப்படிச் செய்ய மாட்டார், செய்யவும் முடியாது. மூட்டை விலையில் வண்டிக் கூலியும் இறக்குக் கூலியும் சேர்வதைப் போல, ரோட்டின் விலையும் பூங்காவின் விலையும் மனை விலையில் சேர்ந்துவிடுகின்றன. 30,500 சதுர அடியை 228 மனைகளுக்குப் பங்கிட்டால் ஒரு மனைக்குச் சுமார் 134 சதுர அடி வருகிறது. அதாவது, அரை கிரவுண்டு மனை வாங்கிய ஒவ்வொருவரும் தம் மனைக்கு மட்டுமல்லாமல் 134 சதுர அடி பூங்காவுக்கும் சேர்த்தே பணம் கொடுத்திருக்கிறார். கிரயப் பத்திரத்தில் அது தனியாக எழுதப்படவில்லை. எழுதப்படாததால் கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது.

ஆகவே பூங்கா என்பது அரசு இரக்கப்பட்டுத் தரும் இனாம் அல்ல. புரமோட்டரின் தருமமும் அல்ல. பில்லில் ஏறிய சரக்கு. நமது கடைக்கு வரவேண்டிய பத்து மூட்டையில் ஒரு மூட்டை குறைந்தால் லாரி ஷெட்டுக்கு ஓடுகிறோம், போன் போடுகிறோம், கமிஷன் மண்டியில் சண்டை போடுகிறோம். 134 சதுர அடி குறைந்தால் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 228 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்றால் 900 பேருக்கு மேல். 70 சென்ட் பூங்காவை அவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 3 சதுர மீட்டர். மாடி கட்டி வாடகைக்கு விட்டால் அது ஒன்றரை சதுர மீட்டர் ஆகிவிடும். ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடம். மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையோ, நகரில் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்க வேண்டும் என்கிறது. விதியை முழுமையாக நிறைவேற்றினாலே நமக்குக் கிடைப்பது இவ்வளவு குறைவு. அதிலும் ஒரு பகுதி காணாமல் போனால் என்ன மிஞ்சும்?

சரக்கு எந்த இடத்தில் குறைகிறது?

சரக்கு குறையும்போது அது ஏற்றிய இடத்தில் குறைந்ததா, வழியில் குறைந்ததா, இறக்கிய இடத்தில் குறைந்ததா என்று பார்ப்பது நம் வழக்கம். பூங்கா விஷயத்திலும் மூன்று இடங்களில் குறைகிறது.

முதலாவது, ஏற்றும் இடம். ஒரே குடும்பத்தின் தோப்பு பத்து ஏக்கர் இருக்கும். அதைப் பாகம் பிரித்து, வேறு வேறு பெயர்களில், ஒவ்வொன்றும் 74 சென்டைத் தாண்டாதபடி தனித்தனி மனைப்பிரிவாகக் கொண்டுவந்தால் எதிலும் பூங்கா வராது. பக்கத்துப் பக்கத்தில் பல சிறு மனைப்பிரிவுகள். ஒவ்வொன்றும் விதிப்படி சரி. மொத்தத்தில் இருநூறு முந்நூறு வீடுகள் கொண்ட ஒரு புதிய பகுதி, ஒரு மரத்தடி கூட இல்லாமல் உருவாகிவிடுகிறது. இதை எங்கள் ஊரிலேயே காண்கிறோம். அனுமதி பெறாத மனைப்பிரிவுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. பிறகு 2017-இல், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முற்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது. மனைகள் வரன்முறையாயின. ஆனால் வீடு கட்டி நிறைந்துவிட்ட தெருவில் புதிதாகப் பூங்கா முளைக்க முடியாது.

இரண்டாவது, வழி. இடத்துக்குப் பதிலாகப் பணம் கட்டினால் அந்தப் பணத்தில் அதே பகுதியில் வேறு இடம் வாங்கிப் பூங்கா அமைய வேண்டும் என்பதுதான் நியாயம். ஆனால் கிழக்குப் பகுதியில் கட்டிய பணம் மேற்குப் பகுதியின் பழைய பூங்காவில் செயற்கை நீரூற்றாக மாறினால் கிழக்குப் பகுதிக் குழந்தைக்கு என்ன பயன்? எந்தப் பகுதியின் பணம் எங்கே போயிற்று என்று பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு பட்டியல் அலுவலகத்தில் தொங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

மூன்றாவது, இறக்கும் இடம். பெரிய மனைப்பிரிவில் தானப் பத்திரம் பதிவாகிவிடுகிறது. பத்திரத்தைப் பெற்றுக்கொண்ட உள்ளாட்சி, வருவாய்த் துறையில் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றாமல் விட்டுவிடுகிறது. நிலத்தைச் சுற்றி வேலி போடுவதில்லை. போர்டு வைப்பதில்லை. பத்து வருடம் கழிகிறது. பட்டா பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கிறது. அவருடைய வாரிசுகள் வருகிறார்கள். ஒரு நாள் காலையில் அந்த இடத்தில் செங்கல் இறங்குகிறது. அதன் பிறகு கோர்ட்டு, கேஸ், வாய்தா. சரக்கை இறக்கிக்கொண்டவர் எண்ணிப் பார்த்துக் கிட்டங்கியில் வைத்துப் பூட்டாமல் நடுத்தெருவில் போட்டுவிட்டுப் போனால் வேறென்ன நடக்கும்?

சென்னை தரும் பாடங்கள்

பூங்காவை முதலில் வைத்து நகரை அமைத்தால் வணிகம் கெட்டுவிடுமோ என்று பயப்படுவோருக்குத் தியாகராய நகரே பதில். 1920-களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் அந்த நகரை அமைத்தபோது நடுவில் பூங்காவை வைத்து, அதைச் சுற்றி ரோடுகளை இழுத்தார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர் அந்தப் பூங்காவுக்கு வந்தது. நகருக்கோ சர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்டது. அவர் நெசவுத் தொழில் நடத்தியவர், நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம். சற்றுத் தள்ளி நடேசன் பூங்கா வேறு. பூங்காவைச் சுற்றி 1928-இலேயே நல்லி பட்டுக் கடை வந்தது. பின்னர் உஸ்மான் ரோடும் ரங்கநாதன் தெருவும் எப்படி வளர்ந்தன என்பதை நாடே அறியும். பூங்கா இருந்ததால் வியாபாரம் படுத்துவிடவில்லை. ஏரியைத் தூர்த்தது சரியா என்று இன்று கேட்கலாம். ஆனால் பூங்காவுக்கு முதலில் இடம் வைத்தது சரி. அன்று வைத்ததால்தான் அது இருந்தது. அந்த நிலத்தில் ஒரு பகுதியும் பின்னாளில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காக எடுக்கப்பட்டது என்பதிலிருந்து, நெருக்கமான நகரில் காலி நிலம் எவ்வளவு அரியது என்பதை அறியலாம்.

அண்ணா நகரும் அப்படியே. 1968-இல் அங்கே பெரிய வர்த்தகக் கண்காட்சி நடந்தது. நாடெங்கிலுமிருந்து வணிகர்களும் தொழிலதிபர்களும் வந்தார்கள். கண்காட்சி முடிந்தது, விசுவேசுவரய்யா பெயர் கொண்ட கோபுரமும் அதைச் சுற்றிச் சுமார் 15 ஏக்கர் பூங்காவும் நிலைத்தன. வீட்டு வசதி வாரியம் அங்கே மனைகளை வளர்த்தபோது அந்தப் பூங்காவைக் கூறுபோடாமல் விட்டதன் பலனை இன்றும் அந்தப் பகுதி அனுபவிக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் சென்னையிலேயே உண்டு. 1859-இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவல்யன் காலத்தில் இன்றைய சென்ட்ரல் நிலையத்தின் பக்கத்தில் மக்கள் பூங்கா ஒன்று உருவானது. பரப்பு சுமார் 116 ஏக்கர் என்பார்கள். பிறகு அதில் ஒரு மூலையில் விக்டோரியா பொது மண்டபம், ஒரு மூலையில் மூர் மார்க்கெட், ஒரு மூலையில் ரிப்பன் கட்டடம், ஒரு பக்கம் விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருந்தது. மூர் மார்க்கெட்டால் எத்தனையோ சிறு வியாபாரிகள் பிழைத்தார்கள் என்பது உண்மை. 1985-இல் அதுவும் தீக்கிரையாயிற்று. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் எழுந்தது. பூங்கா சில ஏக்கராகச் சுருங்கிவிட்டது. ஒரே நாளில் யாரும் அதை விழுங்கவில்லை. நல்ல காரணங்கள்தான் ஒவ்வொன்றாக விழுங்கின.

நம் ஊர்களில் பூங்கா இடத்துக்கு அருகே ஒரு "நல்ல காரணம்" வந்து நிற்கும்போதெல்லாம் இந்தக் கதையை நினைவில் கொள்ள வேண்டும்.

பூங்கா இடத்தில் கடை கட்டலாமா?

அப்படி ஒரு காரணம் அண்மையில் நம் சங்கத்தின் வாசலுக்கே வந்தது. எங்கள் ஊருக்குக் கிழக்கே எழும்பியுள்ள புதிய நகர் ஒன்றில் பூங்காவுக்காகத் தானமாகக் கொடுத்த இடம் வெகு நாட்களாகக் கருவேல முள்ளாகக் கிடக்கிறது. "சும்மா கிடக்கும் இடத்தில் வணிக வளாகம் கட்டினால் வாடகை வருமே" என்று ஒரு யோசனை எழுந்தது. சங்கம் ஆதரித்து எழுதிக் கொடுத்தால் உறுப்பினர்களுக்குக் கடை கிடைக்க வழி பிறக்கும் என்றும் சொல்லப்பட்டது.

கூட்டத்தில் இளைய வணிகர் ஒருவர் நேராகவே கேட்டார்: "அண்ணாச்சி, கடை கட்டினா நகராட்சிக்கு வாடகை வரும், நமக்கு இடம் கிடைக்கும். பூங்கா வந்தா யாருக்கு என்ன லாபம்?"

அவர் கேட்டதில் தவறில்லை. மெயின் பஜாரில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களுக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது.

ஆனால் அதே நகரில் சில்லறை மளிகை நடத்தும் உறுப்பினர் ஒருவர் எழுந்து சொன்னதையும் கேட்க வேண்டும். "நம்ம லோடு வண்டி காலையிலும் சாயங்காலமும் அந்த ரோட்டுலதான் ரிவர்ஸ் எடுக்குது. பிள்ளைக அதே ரோட்டுலதான் பந்து அடிக்குது. வண்டிக்குப் பின்னால பந்து ஓடினா பிள்ளையும் ஓடுது. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலே. ஆகாமலே இருக்கும்னு யார் சொல்ல முடியும்?" என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சரக்கு வண்டி வைத்திருப்பவர்கள் அனைவருக்கும் அது புரிந்தது.

நாம் சொன்னது இதுதான்: கடை வேண்டும் என்பது நியாயமான தேவை. அதைத் தீர்க்க மனைப்பிரிவிலேயே வணிக உபயோகத்துக்கென்று இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்போம். ரோட்டு ஓரத்து மனைகளைக் கடைக்கு அனுமதிக்கச் சொல்லிக் கேட்போம். 228 குடும்பங்கள் ஏற்கெனவே விலை கொடுத்த இடத்தில் நாம் போய்க் கடை போட்டால், அந்த 228 குடும்பமும் நம் வாடிக்கையாளர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. வாடிக்கையாளரின் சரக்கை எடுத்து அவருக்கே விற்பது வியாபாரம் ஆகாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. பெங்களூரில் ஒரு குடியிருப்புப் பகுதியில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஒதுக்கினார்கள். குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் பொதுநலம்தானே என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்கவில்லை. பூங்கா இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மருத்துவமனைக்கே அந்த நிலை என்றால் வணிக வளாகம் எந்த மூலைக்கு? நாளை வழக்கு வந்து தடை விழுந்தால், கடைக்கு அட்வான்ஸ் கொடுத்து ரேக்கு அடித்த சிறு வணிகரின் பணம்தான் முடங்கும். இதையும் அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னோம். முடிவு இன்னும் எட்டவில்லை. அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது.

மழைக் கணக்கு

லாபம் என்ன என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் வந்தபோது எத்தனை கடைகளில் அரிசியும் மைதாவும் சர்க்கரையும் நனைந்து போயின என்பதைப் பாதிக்கப்பட்ட வணிகர்களிடம் கேட்டால் தெரியும். துணியை உலர்த்தலாம், சர்க்கரையை உலர்த்த முடியாது. தண்ணீர் வந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மண் தெரியும் இடமே இல்லாமல் சிமெண்டு போட்டு மூடிவிட்டதும் அவற்றில் ஒன்று.

முன்னே பார்த்த 70 சென்ட் இடத்தில் ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஏற்றினால் 23 லாரிக்கு மேல். அந்த இடம் மண்ணாக இருந்து, நடுவில் ஒரு பள்ளமும் இருந்தால் அவ்வளவு தண்ணீரும் அங்கேயே நிற்கும், இறங்கும். அதே இடம் வணிக வளாகமாகவும் சிமெண்டுத் தளமாகவும் இருந்தால் அந்த 23 லாரித் தண்ணீர் ரோட்டுக்கு வரும். ரோட்டிலிருந்து தாழ்வான கடைக்குள் வரும். சென்னை மாநகராட்சி இதை உணர்ந்து, மழைநீரை உறிஞ்சிக்கொள்ளும் பஞ்சுப் பூங்காக்களை அமைக்கத் தொடங்கியது. நம் ஊர்களிலும் பூங்காவை அப்படியே அமைக்கலாம். கிரானைட் நடைபாதையும் நீரூற்றும் தேவையில்லை. வேம்பும் புங்கனும் பூவரசும், ஒரு பள்ளமும், சில சிமெண்டு பெஞ்சுகளும் போதும்.

நாம் செய்ய வேண்டியவை

குறை சொல்லிவிட்டுக் கலைந்து போவது நம் வழக்கமல்ல. ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் கீழ்க்காணும் காரியங்களைச் செய்யலாம் என்று எண்ணுகிறோம்.

1. ஊர் வளரும் திசையைச் சொல்லுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எந்தெந்த நகர்களில் புதிய மளிகைக் கடைகள் வந்தன என்று நம் பேரேட்டிலிருந்தே ஒரு பட்டியல் எடுத்துவிடலாம். வியாபார ரகசியம் எதையும் சொல்ல வேண்டாம். நகரின் பெயரும் கடைகளின் எண்ணிக்கையும் போதும். அதை நகராட்சிக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் கொடுக்கலாம். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி ஒரு பகுதிக்கு விரிவான வளர்ச்சித் திட்டம் தயாரிக்க முடியும். மனைப்பிரிவுகள் துண்டு துண்டாக வருவதற்கு முன்பே, இந்தப் பகுதிக்குப் பூங்கா இங்கே என்று வரைபடத்தில் குறித்துவிட்டால், 74 சென்டு தந்திரம் பலிக்காது. சென்னைப் பெருநகரின் எல்லையே 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. மற்ற நகரங்களும் அந்த வழியில்தான் போகின்றன. முன்கூட்டி வரையாவிட்டால் பின்னால் வரைய இடம் இராது.

2. பட்டா, வேலி, போர்டு. தானப் பத்திரம் பதிவானவுடன் பட்டா மாற்றம், சுற்றிலும் கம்பி வேலி, சர்வே எண்ணும் பரப்பும் எழுதிய போர்டு ஆகிய மூன்றும் முதல் வீடு எழும்புவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

3. பணத்துக்குத் தனிக் கணக்கு. இடத்துக்கு ஈடாகக் கட்டிய பணம் எந்தப் பகுதியில் வசூலானதோ அந்தப் பகுதியிலேயே நிலம் வாங்கச் செலவாக வேண்டும். வரவு செலவு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும்.

4. பட்டியல் கேளுங்கள். பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் ஆகியவற்றைக் காப்பதற்கென்றே 1959-இல் தனிச் சட்டம் வந்தது. ஒவ்வோர் உள்ளாட்சியும் தன் எல்லையிலுள்ள அத்தகைய இடங்களுக்கு வரைபடத்துடன் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். உங்கள் ஊரில் அந்தப் பட்டியல் இருக்கிறதா என்று சங்கத்தின் சார்பில் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போட்டால் போதும். ஸ்டாக் எடுக்காத கிட்டங்கியில் என்ன குறைந்தது என்று யாருக்கும் தெரியாது.

5. மனை வாங்கும்போது பாருங்கள். நம்மில் பலர் மிச்சம் பிடித்த பணத்தை மனையில் போடுகிறோம். அங்கீகார எண்ணை மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம். அனுமதி வரைபடத்தில் பூங்கா எங்கே என்று கேளுங்கள். தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகள் 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்து மூலம் சம்மதிக்காமல் அனுமதி பெற்ற வரைபடத்தைப் புரமோட்டர் மாற்றக் கூடாது என்பதும் அதே சட்டம்தான். பிறகு அந்த இடத்துக்கு நேரில் போய்க் காலடியால் அளந்து பாருங்கள். எடை போடாமல் சரக்கு வாங்குகிறோமா?

6. பராமரிப்பில் பங்கு கொள்ளுங்கள். பூங்கா வாங்கித் தந்தால் போதாது. அது முள்ளாகிவிடாமல் பார்க்கவும் வேண்டும். சும்மா கிடக்கிறது என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. ஒரு தெரு வணிகர்கள் சேர்ந்து கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் கூலியை ஏற்கலாம். இரண்டு பெஞ்சு போடலாம். ஒரு விளக்கு போடலாம். பூங்காவின் ஓரத்தில் இளநீர் வண்டிக்கும் சுண்டல் வண்டிக்கும் இடம் விடச் சொல்லலாம், அவர்களும் வணிகர்களே.

இவற்றில் எதுவும் நமக்கு மீறிய காரியமல்ல. சந்தைக்கு இடம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம். லாரி நிறுத்துமிடம் கேட்டுப் போராடியிருக்கிறோம். எடைக்கல் முத்திரை முதல் வரி விவகாரம் வரை எத்தனையோ அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியிருக்கிறோம். அதே கால்கள் பூங்காவுக்காகவும் ஒருமுறை படியேறட்டும். தீபாவளிச் சரக்கைத் தீபாவளிக்கு மறுநாள் இறக்கும் வியாபாரி எவரும் இல்லை. குடியிருப்புக்கான பூங்காவும் குடியிருப்புக்கு முன்பே இறங்க வேண்டிய சரக்கு என்பதை அதிகாரிகளுக்கு நம்மைவிட நன்றாக எடுத்துச் சொல்லக்கூடியவர் யார்?

அடுத்த பொதுக்குழுவில் எங்கள் ஊரின் கிழக்குப் பகுதிப் பூங்கா இடம் பற்றிய தீர்மானம் வரும்போது, அந்த இடம் பூங்காவாகவே இருக்க வேண்டும் என்றே நாம் வாக்களிப்போம். கடை வேண்டும் என்று கேட்ட இளைய வணிகர்களுக்காக, வணிக மனைகள் ஒதுக்கக் கோரும் மனு ஒன்றும் அதே நாளில் தனியே எழுதப்படும். மற்ற ஊர்ச் சங்கங்களும் தத்தம் பகுதியிலுள்ள பூங்கா இடங்களின் நிலையை விசாரித்து இந்த இதழுக்கு எழுதினால் எல்லாருக்கும் பயன்படும். வணிகப் பெருமக்கள் ஆவன செய்வார்களாக.